கொடைக்கானல் மேல்மலை: போவதற்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று நான் பல வருடங்களாகப் போய் வருகிற ஊர்கள் இவை. போய் வந்து சொன்னதும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மேல்மலை என்றால் எந்தப் பகுதி?

பழனி மலைத்தொடரை இங்குள்ளவர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கமெல்லாம் கீழ்மலை. அங்கே காப்பி, மிளகு, மலைவாழை. கொடைக்கானலைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை, கூக்கால், குண்டுபட்டி, கவுஞ்சி, மன்னவனூர், பூண்டி, போலூர், கிளாவரை. இதுதான் மேல்மலை. பெரும்பாலும் ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊர்கள். காப்பி இங்கே வராது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பட்டாணி என்று குளிருக்கு ஏற்ற வெள்ளாமைதான்.

எல்லாம் திண்டுக்கல் மாவட்டம். மேற்கு ஓரத்தில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் ஆரம்பித்துவிடும். வடமேற்கே மலை சரிந்து மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்தப் பக்கம் ஓடும் தண்ணீர் அமராவதிக்குப் போய்ச் சேருகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்த மலையின் மழையும் இருக்கிறது.

கொடைக்கானலைத்தான் பார்த்தாகிவிட்டதே, இங்கே புதிதாக என்ன இருக்கிறது?

"பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று பட்டியல் எடுத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு கோயில், ஓர் ஏரி, ஓர் ஆட்டுப்பண்ணை, ஒன்றிரண்டு அருவி, அவ்வளவுதான்.

இங்கே பார்க்க வேண்டியது பள்ளத்தாக்கையேதான். மன்னவனூரில் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு வரப்பில் போய் உட்காருங்கள். சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம், பள்ளம் முழுக்கப் படிப்படியாக இறங்கும் வயல்கள். பூண்டுத் தாள் நீலம் கலந்த பச்சையாக இருக்கும். கேரட் இலை கொத்தமல்லி மாதிரி மெல்லிசாக, வெளிர்பச்சையாக ஆடும். உருளைக்கிழங்குச் செடி கரும்பச்சை. நடுநடுவே அப்போதுதான் கொத்திப்போட்ட வெறும் மண். ஒரு துண்டு நிலத்தின் நிறம் அடுத்த துண்டில் இருக்காது.

எதிர்ச் சரிவில் ஒருவர் கொத்திக்கொண்டிருப்பார். மண்வெட்டி இறங்குவது முதலில் தெரியும்; சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வந்து சேரும். அந்த இடைவெளியை நான் முதன்முதலில் கவனித்த அன்றுதான் இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. நாம் இருக்கும் ஊரில் அப்படி ஒரு சத்தம் தனியாக வந்து காதில் விழ இடமே கிடையாது. இங்கே ஒரு நாய் குரைத்தால் எந்த வீட்டு நாய் என்று தெரியும். யாரோ யாரையோ "ஏ, தண்ணி திருப்பியாச்சா?" என்று கேட்பது அரை மைல் தூரத்துக்குக் கேட்கும். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் ராத்திரி படுக்கையில் படுத்திருக்கும்போதும் கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அழகு தானாக வந்ததல்ல. சரிவை வெட்டிச் சமப்படுத்தி, கல் அடுக்கி, மழையில் கரை உடைந்தால் மறுபடி கட்டி, தலைமுறை தலைமுறையாக ஆட்கள் கையால் செய்த வேலை அது. நாம் போட்டோ எடுக்கிற ஒவ்வொரு படியும் ஒரு குடும்பத்தின் சோறு. அதை மனதில் வைத்துப் பார்த்தால் பள்ளத்தாக்கு வேறு மாதிரி தெரியும்.

பூம்பாறையில் வண்டியை எங்கே நிறுத்திப் பார்ப்பது?

கொடைக்கானலிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். ஊருக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே சாலை மேட்டிலிருந்து மொத்த ஊரும் கீழே தெரியும். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் குவிந்திருக்கும், சுற்றிலும் வயல் படிகள். விளைநிலத்தை வீணாக்காமல் வீடுகளை நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்பது மேலிருந்து பார்த்தால் புரியும். அங்கே வண்டிகள் கூடி நிற்கும். வளைவில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

பெரும்பாலானவர்கள் அங்கேயே போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து ஊருக்குள் இறங்குங்கள். குழந்தை வேலப்பர் கோயில் அங்கேதான் இருக்கிறது. பழனி தேவஸ்தானத்தின் உபகோயில். பழனி மூலவரைச் செய்த போகர்தான் இந்த முருகனையும் செய்தார் என்று நம்பிக்கை. பெயருக்கும் ஒரு கதை சொல்வார்கள்: அருணகிரிநாதர் இங்கே வந்து இரவில் படுத்திருந்தபோது ஓர் அரக்கி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து அவர்மேல் ஏறிக்கொள்ள, குழந்தையோடு இருப்பவரை எப்படிக் கொல்வது என்று அவள் திரும்பிப் போய்விட்டாளாம். பழனியில் தைப்பூசம் முடிந்த பிறகு இங்கே கேட்டை நட்சத்திரத்தில் தேர் ஓடும். மேல்மலை ஊர்கள் எல்லாம் அன்றைக்கு இங்கேதான்.

மலைப்பூண்டு, மலைப்பூண்டு என்கிறார்களே, அதில் அப்படி என்ன?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் கூடுதல், வாசனை கூடுதல், வைத்திருந்தாலும் சீக்கிரம் கெட்டுப்போகாது. கெட்டுப்போகாததற்கு ஒரு காரணம் அதைப் பக்குவப்படுத்தும் முறை.

பூம்பாறையில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பிடுங்கிய பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாக முடிந்து மேலே வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே விறகு மெதுவாகப் புகைந்துகொண்டிருந்தது. தீ எரியக் கூடாது, புகை மட்டும் போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டது. மேல்தோல் லேசாகப் பழுப்பேறி, தொட்டால் சருகு மாதிரி சரசரக்கிறது. அந்த வீட்டு அக்கா ஒரு பல்லை உரித்து என் கையில் வைத்து, "மோந்து பாருங்க" என்றார். பூண்டு வாசனைக்கு அடியில் மெல்லிய புகை வாசனை இருந்தது. நான் போட்டிருந்த ஸ்வெட்டரில் அந்த வாசனை இரண்டு நாள் போகவில்லை.

அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்துவைப்பதும் இந்தப் பூண்டுதான். விற்பனைக்குப் பெரியகுளம் பக்கத்தில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. வண்டி போகாத வயல்களிலிருந்து மூட்டையைச் சாலைக்குக் கொண்டுவருவது குதிரைகள். ஒற்றையடிப் பாதையில் மூட்டையோடு குதிரை எதிரே வந்தால் நீங்கள்தான் மேட்டுப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும்.

மன்னவனூர் ஆட்டுப்பண்ணை என்பது என்ன?

மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். தலைமையிடம் ராஜஸ்தானில். மன்னவனூர் மையம் 1965-ல் வந்தது. நம்மூர்ச் செம்மறிக்கு முடி முரடாக இருக்கும். மெல்லிய கம்பளி தரும் ஆட்டுக்குக் குளிரும் புல்லும் வேண்டும். அதனால்தான் இந்த இடம். பாரத் மெரினோ ஆடுகளையும், முயல்களையும் இங்கே வளர்க்கிறார்கள். முயல் வளர்க்க விரும்பும் விவசாயிகள் கீழே இருந்தெல்லாம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிக்கூடம், வேலை நேரத்தில் போக வேண்டும், ஆட்டை விரட்டிப் படம் எடுக்கக் கூடாது.

பண்ணையின் புல்வெளி ஏற்ற இறக்கமாக, கண்ணுக்கு எட்டியவரை திறந்து கிடக்கும். சாயங்காலம் மந்தை திரும்பும் நேரம் வேலி ஓரமாக நின்றால் போதும். பக்கத்திலேயே மன்னவனூர் ஏரி. வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் பரிசல் உண்டு. எனக்குப் பரிசலைவிட ஏரிக்கரையில் நடப்பது பிடிக்கும்.

எந்த மாதம் போகலாம்?

கூட்டம் வேண்டாம் என்றால் ஏப்ரல், மே தவிர எப்போதும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இங்கே நன்றாகவே பெய்யும். மழை பிடிக்கும் என்றால் அதுவும் நல்ல காலம்தான். ஆனால் மண்சரிவு, மரம் விழுவது எல்லாம் நடக்கும், ஒரு நாளைக் கையில் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது டிசம்பர் கடைசியும் ஜனவரியும். உறைபனி விழும் காலம். தெளிவான ராத்திரியில், காற்று இல்லாதபோது, குளிர்ந்த காற்று கனத்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கும் வயலில்தான் குளிர் அதிகம். விடியற்காலை எழுந்து போனால் புல்வெளி உப்புத் தூவியது மாதிரி இருக்கும். கால் வைத்தால் நொறுக், நொறுக்கென்று சத்தம். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் ஊசி ஊசியாகப் பனி. சூரியன் மேட்டைத் தொட்டதும் வெயில் ஒரு கோடு போட்டமாதிரி சரிவில் மெதுவாக இறங்கி வரும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் வெள்ளை. கோடு நம் காலடிக்கு வரும்போது புல்லிலிருந்து ஆவி எழும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நமக்கு அது காட்சி. உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டவருக்கு அது பயம். உறைபனி பட்ட இலை வெயில் ஏறியதும் கருகிவிடும். அந்த நேரத்தில் வயலோரம் நிற்பவரிடம் "சூப்பரா இருக்குண்ணே" என்று சொல்லாதீர்கள்.

அங்கே வாழ்கிறவர்கள் யார்?

குன்னுவர்கள், மன்னாடியார் என்று அழைக்கப்படும் விவசாயிகள் இங்கே நெடுங்காலமாக இருக்கிறார்கள். பல நூற்றாண்டுக்கு முன் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மற்ற சமூகத்தாரும் உண்டு. குண்டுபட்டியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள். ஒரு மலையில் பிறந்து, கடல் தாண்டி, இன்னொரு மலையில் குடியேறியவர்கள். அவர்களோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030. நடுவில் வேறு குறிஞ்சி வகைகள் அங்கங்கே பூக்கும், அதைப் பார்த்து இதுதான் அது என்று நினைத்துவிட வேண்டாம்.

வழியெல்லாம் பைன் மரக்காடு எவ்வளவு அழகு! அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இந்த மலையின் காடு இல்லை. பைன், யூகலிப்டஸ், சீகை மரம் என்று இங்கே சொல்லும் வேட்டில், எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இந்த மலைக்குரியது சோலைக்காடும் புல்வெளியும். பள்ளத்தில், ஓடை ஓரமாக, குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை, மேட்டில் புல். மழையைப் புல் வாங்கி, சோலை தேக்கி, வெயில் காலத்திலும் கசியவிடும். அதனால்தான் கோடையிலும் ஓடையில் தண்ணீர் இருந்தது. புல்வெளி வெறும் தரிசு என்று நினைத்து மரம் நட்டார்கள். சீகை விதை விழுந்து விழுந்து, நடாத இடத்துக்கும் பரவி, புல்லை மூடிவிட்டது. கூக்கால் பக்கம் இன்னும் நல்ல சோலை இருக்கிறது. பைன் காட்டுக்குள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அப்புறம் சோலை ஓரமாகவும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முதலாவதில் பறவைச் சத்தம் குறைவாக இருப்பது உங்களுக்கே தெரியும்.

எப்படிப் போவது?

ரயிலில் என்றால் கொடைரோடு ஸ்டேஷன். சாலை வழி வத்தலக்குண்டு மலைப்பாதை, அல்லது பழனியிலிருந்து பெருமாள்மலை வழியாக. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட நேரும். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். கார் இருந்தாலும் ஒரு தடவையாவது பஸ்ஸில் போகச் சொல்வேன். பஸ் குறைவு, நேரத்தை முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸுக்குள் உர மூட்டை, மருந்து, பள்ளிப் பிள்ளைகள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஏறும். டிரைவரிடம் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை வாங்க ஒவ்வொரு ஊரிலும் யாராவது நிற்பார்கள். கிளாவரை வரைக்கும் அந்த பஸ்தான் எல்லாம். பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

கிளாவரையிலிருந்து மூணாறுக்குப் போய்விடலாமா?

வண்டியில் முடியாது. வரைபடத்தில் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை மிகப் பக்கத்தில் தெரியும். அந்தக் காலத்தில் உள்ளூர்க்காரர்கள் நடந்தே போய் வந்தார்கள். இப்போது அது காட்டு எல்லை; அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போன பழைய சாலையும் மூடிக் கிடக்கிறது.

தங்குவதும் சாப்பாடும் எப்படி?

மன்னவனூர், பூண்டி, பூம்பாறையில் வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். அனுமதி பெற்ற இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு காட்டேஜில் தங்கினேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. காலையில் டீக்கடைப் பெரியவர், "நேத்து ராவு ஒரு மாடும் படுக்கலப்பா" என்றார். அதிலிருந்து, போன் செய்யும்போதே ஸ்பீக்கர் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறேன், உண்டு என்றால் அங்கே போவதில்லை.

சாப்பாட்டுக்குப் பெரிய ஹோட்டல் கிடையாது. தங்கும் வீட்டில் முன்கூட்டிச் சொன்னால் சமைத்துக் கொடுப்பார்கள். காலையில் பறித்த பீன்ஸில் பொரியல், முழுப் பூண்டு போட்ட குழம்பு, சுடுசோறு. அந்தக் குளிரில் அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

போன் சிக்னல் இருக்குமா?

சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. வீட்டில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். பணத்தை நோட்டாகவும் வைத்திருங்கள்.

ஆபத்து ஏதாவது உண்டா?

காட்டுமாடு உண்டு. சாலையோரம் சாதுவாக மேயும். அதை நம்பிப் பக்கத்தில் போகக் கூடாது. இருட்டிய பிறகு நடக்க வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் சாலையின் வெள்ளைக் கோடுகூடத் தெரியாது. ஒருமுறை கூக்கால் பிரிவுக்கு அருகில் நான் அப்படி மாட்டிக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டி விளக்கைப் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பனி தானாக விலகியது. அதுதான் சரியான வழி.

போதைக் காளான் தேடி வரும் இளைஞர்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது குற்றம், கைது நடக்கிறது. அதைவிட, ஊர்ப் பையன்களை அந்த வியாபாரத்துக்குள் இழுத்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு வருபவர்கள் தயவுசெய்து வரவே வேண்டாம்.

வயதானவர்களை, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. வளைவுகள் அதிகம், வாந்தி வருபவர்களை முன்சீட்டில் உட்காரவையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி கொடைக்கானலில்தான், அதனால் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவை எழுபது வயதில் கூட்டிப்போனேன். எங்கேயும் நடக்கவில்லை, திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிர்வயலில் களை எடுப்பவர்களை ஒரு முழுக் காலைப்பொழுது பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்லயும் இப்படித்தான் குலவை போட்டு நடுவாங்க" என்று நான் கேள்விப்படாத கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். பார்த்ததாக இருக்காது. குறைந்தது ஒரு ராத்திரி தங்குங்கள், முடிந்தால் இரண்டு. முதல் நாள் காது நகரத்திலேயே இருக்கும்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

பூண்டுதான். வெளியூர்ப் பூண்டையும் மலைப்பூண்டு என்று விற்பது உண்டு, அதனால் பூம்பாறையில் விளைவிக்கிறவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். அவர்கள் சொல்லும் விலைக்குப் பின்னால் ஒரு சரிவும் ஒரு குதிரையும் இருக்கிறது. தாளோடு முடிந்த கொத்தாகக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காமல், சமையலறையில் காற்றுப் படும் இடத்தில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். தேவைக்கு ஒன்றொன்றாகப் பிய்த்துக்கொள்ளலாம்.